மைக்கில் சொன்ன வார்த்தை உயில் ஆகுமா?

(பெயரும் அடையாள விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கடிதம் எழுதியிருப்பவருக்கு 42 வயது. திருமணமாகித் தென்காசியில் இருக்கிறார். பிறந்த ஊர் சேரன்மாதேவி வட்டத்தில், கன்னடியன் கால்வாய்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2014-இல் ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் ‘பி.டி. சார்’. ஏழு மாதங்களுக்கு முன் தமது 69-ஆவது வயதில் காலமானார்.

வாலிபால்தான் அவர் உயிர். 1986-இல் சியோல் ஆசியப் போட்டியில் இந்திய அணி வெண்கலம் வென்றபோது பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாராம். சனிக்கிழமை இரவு எந்த ஊரில் மின்னொளிப் போட்டி நடந்தாலும் நடுவராகப் போவார். ஆனால் எவ்வளவு நேரமானாலும் வீட்டுக்கு வந்துதான் படுப்பார். கடிதத்திலிருந்து ஓரிடத்தை அப்படியே தருகிறேன்: “திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையின் கண்களை நைலான் கயிற்றால் முடிவார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் அந்தக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவார்.”

சிக்கல் நிலத்தில். 1996-இல் வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்து அவர் வாங்கிய 22 சென்ட் புஞ்சையில்தான் ஊர்ப் பிள்ளைகள் இத்தனை ஆண்டும் விளையாடி வருகிறார்கள். 2019 பொங்கல் போட்டியின்போது, “என் காலத்துக்குப் பிறகும் இந்த இடம் பிள்ளைகளுக்குத்தான்” என்று மைக்கில் சொன்னார். அந்த வீடியோ இருக்கிறது. இப்போது, கடை வைத்திருக்கும் தம்பி கடனை அடைக்க நிலத்தை விற்க ஆள் பார்க்கிறார். கடிதம் எழுதிய மகளோ, முதலாண்டு நினைவு நாளுக்குள் அப்பா பெயரில் அறக்கட்டளை தொடங்கி, நிலத்தை அதற்கு எழுதி, கோப்பைப் போட்டி நடத்த வேண்டும் என்கிறார். “எனக்கு 25 பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் எனக்குப் பங்கு இல்லை என்பது தெரியும். அப்பாவின் வார்த்தையை வைத்து மட்டும்தான் நான் போராட முடியும். அந்த வீடியோ உயிலாகச் செல்லுமா?” இதுதான் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில், செல்லாது. ஆனால் கேள்விக்கு அடியில் நீங்கள் போட்டிருக்கும் அஸ்திவாரமே தவறு. உங்களுக்குப் பங்கு இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் அப்பாவின் வார்த்தையைத் தம்பிக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே இருக்காது. முதலில் வீடியோவை முடித்துவிடுகிறேன்.

மைக்கில் சொன்னது

உயில் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆவது பிரிவு சொல்வது இது. பதிவு செய்வது கட்டாயமில்லை. சாதாரண வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். வாய்மொழி உயில் என்பது போர்முனையில் இருக்கும் படைவீரரைப் போன்ற மிகச் சிலருக்குத் தந்த சலுகை. பொங்கல் மேடைக்கு அது பொருந்தாது. அப்போதே தானமாகக் கொடுத்துவிட்டார் என்று வாதிடலாமா என்றால், அசையாச் சொத்தைத் தானம் செய்யப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதுவும் இல்லை.

விளையாடும் இளைஞர்களும், “25 வருஷமாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, எங்களுக்கு உரிமை உண்டு” என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அப்பா சந்தோஷமாக அனுமதித்து, தானே வலை கட்டி, தானே விசில் ஊதிய இடம் அது. அனுமதியின் பேரில் அனுபவிப்பது எத்தனை ஆண்டு ஆனாலும் எதிரிடை அனுபவம் ஆகாது. பன்னிரண்டு வருடக் கணக்கு, உரிமையாளருக்கு எதிராக, அவர் அறிய, தனக்கே சொந்தம் என்று வைத்திருப்பவருக்குத்தான். அந்தப் பிள்ளைகளைத் தம்பிக்கு எதிராகத் திரட்டும் யோசனை கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் தலைகாட்டுகிறது. தயவுசெய்து வேண்டாம். இருபது வயதுப் பையன்கள் பி.டி. சார் மகனின் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவதை அந்த மனிதர் சகித்திருப்பாரா? உங்களுக்கே தெரியும்.

யாருக்கு எவ்வளவு

நிலம் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் இல்லை. ஆகவே 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாக இறங்கும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு. நீங்கள் 1989, 2005 என்று ஆண்டுகளைக் குறிப்பிட்டுக் குழம்பியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்த திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-லிருந்தே இருக்கிறது. திருமணமானவரா, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கல்யாணத்தின்போது, “சீர் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை இல்லை” என்று முத்திரைத்தாளில் ஏதாவது எழுதிக் கையெழுத்து வாங்கினார்களா? அப்பா உயிருடன் இருக்கும்போதே வருங்காலப் பங்கை விட்டுக்கொடுப்பது பொதுவாகச் செல்லாது. ஆனால் அதற்கு ஈடாகப் பணம் பெற்றிருந்தால் சில சமயம் நீதிமன்றம் வேறு விதமாகவும் பார்க்கும். அப்படி ஒரு தாள் இருந்தால், பேச்சைத் தொடங்குமுன் ஒரு வழக்குரைஞரிடம் காட்டிவிடுங்கள்.

அப்படியானால் அம்மா, நீங்கள், தம்பி, ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். இல்லை.

“ஆச்சிக்கு 90 வயது, அப்பா போனதிலிருந்து சாப்பாடே சரியாக இறங்குவதில்லை” என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பெற்ற அந்த ஆச்சியும் முதல் வகுப்பு வாரிசு. மகன் இறக்கும்போது தாய் உயிருடன் இருந்தால் அவருக்கும் மனைவி மக்களைப்போலவே ஒரு பங்கு. எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போதே இதில் கோட்டை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்துக் கிரயத்தின்போது விழிக்கின்றன. ஆக நான்கு பேர். ஆளுக்கு ஐந்தரை சென்ட்.

ஆச்சி ஒன்றும் எழுதிவைக்காமல் போய்விட்டால், அவருடைய ஐந்தரை சென்ட் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்களுக்கு ஒரு சித்தப்பா, இரண்டு அத்தைகள். மறைந்த அப்பாவின் பங்கு உங்களுக்கும் தம்பிக்கும் வரும், அம்மாவுக்கு வராது. நான்கு சென்டுக்குக் கொஞ்சம் மேலே சித்தப்பா, அத்தைமார் கைக்குப் போகும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் நான்கு கையெழுத்து வேண்டிய இடத்தில் ஆறு கையெழுத்து வேண்டியிருக்கும்.

ஆச்சி தம் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். விடுதலைப் பத்திரமோ தான செட்டில்மென்டோ உயிலோ, எதுவாகவும் இருக்கலாம். நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் வழி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். ஆனால் சித்தப்பாவும் அத்தைமாரும் அறியாமல் ராத்திரியில் கட்டைவிரல் ரேகை வாங்கும் வேலை கூடாது. பின்னால் வழக்கு வந்தால் முதலில் உடைவது அதுதான். எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள். அவர் தரமாட்டேன் என்றாலும் அது அவர் உரிமை. மகன் சம்பாதித்ததில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை யாராவது அந்தக் கிழவியிடம் வாய்விட்டுச் சொன்னார்களா என்றுதான் எனக்கு யோசனை ஓடுகிறது.

பணம் பற்றி

சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு மட்டுமே உரியது. அது அப்பா விட்டுப்போன சொத்தல்ல. பங்கு கேட்க யாருக்கும் இடமில்லை. வங்கியில் இருக்கும் 4 லட்சம் வைப்புத்தொகை வேறு. அம்மா நாமினி, ஆகவே எல்லாம் அம்மாவுக்கே என்று எழுதியிருக்கிறீர்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தகுதியானவர். வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. சட்டக் கணக்கில் அதுவும் நான்கு பங்கு. மனக்கணக்கில் அம்மாவிடமே இருக்கட்டும் என்று நீங்களும் தம்பியும் ஆச்சியும் எழுதிக் கொடுத்துவிடலாம். தம்பியும் நீங்களும் சேர்ந்து எடுக்கும் முதல் முடிவு இதுவாக இருந்தால் மற்றதைப் பேசக் கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

தம்பி விற்றுவிட்டால்

அவரால் விற்க முடிந்தது தன் பிரிபடாத ஐந்தரை சென்ட் பாகத்தை மட்டுமே. பட்டா அவர் பெயருக்கு மாறியிருந்தாலும் சரி. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இப்படிச் சேர்ந்து வாரிசான ஒருவர் தன் பாகத்தை விற்க முன்வந்தால், அதை முதலில் வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் தீர்மானிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எனவே தம்பி ஆள் பார்க்கிறார் என்றால், “முதலில் எங்களிடம் விலை சொல்” என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பாகப்பிரிவினை வழக்கும் போடலாம். வெற்றி உங்களுக்கே. ஆனாலும் நான் தயங்குகிறேன். வழக்கென்று போனால் நிலத்தை மட்டும் பிரித்துக் கேட்க முடியாது. அப்பா பெயரில் இருக்கும் எல்லாச் சொத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதில் அம்மாவும் ஆச்சியும் குடியிருக்கும் வீடும் வரும். அளக்க வரும் நீதிமன்ற ஆணையர் அந்தத் திண்ணையையும்தான் அளப்பார், சகோதரி.

தம்பியைப் பற்றியும் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “கடைசி ஒன்றரை வருஷம் வாரம் இரண்டு தடவை ஹைகிரவுண்டுக்கு (பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை) டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனது அவன்தான்.” அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். வாரம் இரண்டு நாள் கடையைப் பூட்டியவருக்குக் கடன் வந்ததில் என்ன ஆச்சரியம்? அப்பாவின் பெயரை விற்கிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்பாவுக்காகப் பட்ட கடனை அப்பாவின் நிலத்தால் அடைக்கிறேன் என்று அவர் நினைக்கலாம். இரண்டு பேரும் ஒரே மனிதரைத்தான் சொல்கிறீர்கள்.

ஒன்பது சென்ட்

இனி நான் சொல்ல வந்த விஷயம். முழு இருபத்திரண்டு சென்டும் வேண்டும் என்று நீங்களும், முழுவதும் விற்க வேண்டும் என்று தம்பியும் நிற்கிறீர்கள். உங்கள் அப்பா நடுவர். அவர் முதலில் நாடாவை எடுத்திருப்பார். வாலிபால் ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் 3 மீட்டர் வெளி விட்டால் 24-க்கு 15. மொத்தம் 360 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் ஒரு முழுமையான ஆடுகளத்துக்குத் தேவை சுமார் ஒன்பது சென்ட்தான்!

உங்கள் பங்கு ஐந்தரை, அம்மாவின் பங்கு ஐந்தரை. இரண்டும் சேர்ந்தாலே பதினொன்று. களம் போகப் பாதைக்கும் இடம் மிஞ்சும். சாலையை ஒட்டிய பகுதியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் அவருக்கும் விலை கூடும். ஆச்சியின் பங்கு அவர் விருப்பம். இது நான்கு பேரும் கையெழுத்திடும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமாக முடிய வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை வெளியாருக்கு எழுதுவதைவிடக் குறைவு. பத்திரத்தில் மூன்றை மறக்காதீர்கள்: களத்துக்குப் பாதை உரிமை, நில அளவர் அளந்து குறித்த வரைபடம், நான்கு எல்லைகள். தம்பி தன் பகுதியை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்க நினைத்தால் மனை அங்கீகாரம் இல்லாமல் பதிவு ஆகாது என்பதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புரோக்கர்கள் அதைச் சொல்வதில்லை.

பேச்சு நகரவில்லை என்றால் திருநெல்வேலியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி அங்கே உண்டு. வழக்குப் போடாமலே சமரசத்துக்கு எடுப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது.

அறக்கட்டளைக்கு அவசரம் வேண்டாம்

நினைவு நாளுக்குள் அறக்கட்டளை பதிந்து நிலத்தை எழுதிவிட வேண்டும் என்பதை மட்டும் நான் ஒப்பவில்லை. பொது அறக்கட்டளைக்கு எழுதிய நிலம் திரும்பி வராது. ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதினாலும் அப்படித்தான். நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே எழுதாவிட்டால் பிறகு அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வந்தாலும் கேட்க முடியாது. சங்கமாகப் பதிவதென்றால் தமிழ்நாட்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு வேண்டும். ஏழு மாதத் துக்கத்தில் இருப்பவர் எடுக்கும் முடிவல்ல இது. அந்த ஒன்பது சென்டை உங்கள் பெயரிலும் அம்மா பெயரிலும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் விளையாட ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் அனுமதி கொடுங்கள். மூன்று ஆண்டு போகட்டும். பிள்ளைகள் களத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அறக்கட்டளையைப் பற்றிப் பேசலாம்.

போட்டியைத் தாராளமாக நடத்துங்கள். அதற்கு அறக்கட்டளை தேவையில்லை. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி, இரண்டு நல்ல விளக்கு, ஒரு கோப்பை போதும். முப்பது ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் வழக்குரைஞராக இருக்கிறேன். அப்பா பெயரில் கோப்பை வைத்துவிட்டு, அண்ணனும் தங்கையும் முகம் பார்க்காமல் மேடையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு போட்டிக்கு நானே பரிசு கொடுக்கப் போயிருக்கிறேன். தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: நான்கு பேர் பெயரும் இருக்கும்படி வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், வட்டாட்சியர் தருவது, இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 1996 கிரயப் பத்திரத்தையும், அன்றிலிருந்து இன்றுவரைக்கான வில்லங்கச் சான்றையும் எடுத்துவையுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், ஆச்சியைச் சாப்பிட வைத்துவிட்டு, தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். அப்பாவின் அளவு நாடா வீட்டில்தான் இருக்கும். மறுமுனையைத் தம்பி பிடிக்கட்டும். சூரியன் கண்ணில் அடிக்காமலிருக்கக் களம் வடக்கு தெற்காக நீள வேண்டும். அந்தப் போக்கில் 24, குறுக்கே 15. இப்போது கம்பங்கள் நிற்கும் இடம் அதற்குள் வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.